என் மகளுக்கும் இதைத்தான் தேய்க்கிறேன்

கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. கூந்தல் எண்ணெய் செய்யும் கம்பெனி ஒன்று சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கு ஒரு வேனை அனுப்பியிருந்தது. அதன் பக்கக் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சின்ன மேடை. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் பேசுவார். அவர் கையசைக்கும்போது நான் திரும்பி நின்று கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும். முடி முழங்கால்வரை விழும். கூட்டத்தில் ஒரு சத்தம் எழும். அது அடங்குவதற்குள் அவர் விலையைச் சொல்லிவிடுவார். என் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்காது.

வயிற்றுப்பாட்டுக்காகப் போனேன் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிப் பொய். என் கணவர் கிளேபாங் பக்கம் போகும் பேருந்தில் நடத்துநர். அவருக்கும் எனக்கும் ஆறு வயது மகளுக்கும் அந்தச் சம்பளமே போதுமானதாக இருந்தது. எனக்கு அந்த வேன் பிடித்திருந்தது, அவ்வளவுதான். காஜா பேராங்கில் வாடகை வீட்டுச் சமையலறையில் நாள் முழுக்க நின்றவளுக்கு, நான்கு பேர் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் நிற்பது பிடித்திருந்தது. இதைச் சொல்ல இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் உஜோங் பாசிரில் வேனை நிறுத்தியபோது பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. வெயிலில் ஐம்பது அறுபது பெண்கள் காத்திருந்தார்கள். அவர் ஒலிபெருக்கியை என்னிடம் நீட்டினார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். இந்த எண்ணெய் தேய்த்தால் தலையணை உறை கறையாகும், வெள்ளை ரவிக்கை போடுகிற அன்றைக்குத் தேய்க்காதீர்கள், வாசனை முதல் நாள் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும் என்றேன். பெண்கள் சிரித்தார்கள். பிறகு, “என் மகளுக்கும் இதைத்தான் தேய்க்கிறேன்” என்றேன். அன்றைக்கு வேனில் ஒரு புட்டிகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்குத் தொண்டை சரியாகியும் ஒலிபெருக்கி திரும்பக் கிடைக்கவில்லை. அவர் அட்டைப்பெட்டிகளை இறக்கினார், நான் பேசினேன். நான் கண்டுபிடித்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். பொருளின் குறையை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். சின்னக் குறை ஒன்றை ஒப்புக்கொண்டவள் பெரிய விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அடுத்தது, வீட்டில் செய்வதை மட்டும்தான் சொல்ல வேண்டும். அதை நான் ரொம்ப நாள் காப்பாற்றினேன். மகளுக்கு உண்மையிலேயே அந்த எண்ணெயைத்தான் தேய்த்தேன். அவள் சடை இடுப்பைத் தாண்டியிருந்தது. பள்ளி இல்லாத நாட்களில் வேனின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, நான் பேசுவதை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். கொட்டுகிற முடி நிற்கும், புதிதாக வரும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த வரி உட்பட, நான் பேசுவதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மலாயா சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்கு முந்தைய சித்திரையில்தான் எல்லாம் நடந்தது. காஜா பேராங் மாரியம்மன் கோயில் திருவிழா. அங்கே பெரும்பாலும் மலாக்கா செட்டிகள் வருவார்கள். அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து தங்கிவிட்டவர்கள். நெற்றியில் திருநீறு இருக்கும், சாமி நம் சாமி, ஆனால் வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது மலாய்க்காரர்களின் கெபாயா. அம்மை நோய்க்குரிய தெய்வத்தின் திருவிழா என்பதால் அவர்களே அதை அம்மைத் திருவிழா என்றுதான் மலாயில் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் எண்ணெய் விற்றுக் காட்ட வேண்டும், சிங்கப்பூரிலிருந்து பெரிய மேனேஜர் என் பேச்சைக் கேட்க நேரில் வருகிறார் என்று ஒரு மாதத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் மகளுக்கு உடம்பு கொதித்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். கழுத்திலும் மார்பிலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது.

கணவர் போய் வேப்பிலைக் கொத்து ஒடித்துக்கொண்டு வந்து நிலையில் செருகினார். அம்மை இறங்கிய வீட்டில் என்னென்ன கூடாது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. எண்ணெய் என்ற பேச்சே கூடாது, பிள்ளைக்கு மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிற யாருக்கும். அம்மனுக்குச் சூடு ஆகாது, எண்ணெய் வாசமும் ஆகாது என்பார்கள். என் பிழைப்பே எண்ணெய் வாசம்.

மறுநாள் காலை நான் சேலை மாற்றிக்கொண்டு நின்றபோது அவர் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“நான் லீவு சொல்லிட்டேன். நீ இன்னிக்கிப் போவாதே.”

“பெரிய மேனேஜர் வராருங்க. நான் போவலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க.”

“போடட்டும்.”

“நீங்க சுலபமா சொல்லிருவீங்க. நான் எண்ணெயக் கையால தொட மாட்டேன். பேசிட்டு வந்துருவேன், அவ்ளோதான்.”

பேருந்தில் நிறுத்தங்களின் பெயரைக் கூவுவதோடு அவருடைய அன்றையப் பேச்சு தீர்ந்துவிடும். வீட்டில் அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அது பெரிய நாள். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுவிட்டு, அழுதுவிட்டு, வீட்டிலேயே இருந்திருப்பேனோ என்னவோ. அவர் பிள்ளையின் பக்கம் திரும்பி வேப்பிலையால் மெல்ல வருடிக்கொண்டிருந்தார். நான் வாசலைத் தாண்டினேன்.

காய்ந்த தலையைக் கொண்டை போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு போனேன். வீட்டில் நோயை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறவளை ஊர் என்ன சொல்லும் என்ற பயம் ஒருபக்கம். இடுப்பில் குழந்தையோடு வரும் பெண்கள் அருகில் வந்தால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணெய்ப் புட்டி விற்கப் போவது யார் சன்னிதி வாசலில் என்ற பயம். அவளே என் வீட்டில் வந்து இறங்கியிருக்கிறாள், நானோ அவள் வாசலில் கடை விரிக்கப் போகிறேன்.

பெரிய மேனேஜர் வெள்ளை முழுக்கால் சட்டையில் வேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மலாயில் ஆரம்பித்தேன். தலையணை உறைக் கதையைச் சொன்னேன். முடியை அவிழ்க்கவில்லை. கூட்டத்திலிருந்து விருப்பமுள்ள பெண்களை மேடைக்கு அழைத்து, அவர்கள் கையில் அவர்களே ஊற்றித் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். என் விரலில் ஒரு துளி படவில்லை. எனக்கே என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. பேச்சு அன்றைக்கு நன்றாகவே வந்தது. பயத்தில் இருப்பவளுக்குப் பேச்சு கூடுதலாக வரும்போலும்.

முன் வரிசையில் கொண்டையில் மூன்று ஊசி குத்திய ஒரு செட்டிப் பெண் நின்றிருந்தாள். நடுத்தர வயது. கெட்ட எண்ணம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. மேடையில் நான் குனிந்தபோது முந்தானை சரிந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

“லூ புன்யா ரம்புட் அபா பாசால் கெரிங்?” என்று கேட்டாள். உன் முடி ஏன் காய்ந்து கிடக்கிறது என்றுதான் கேட்டாள்.

கூட்டம் என் தலையைப் பார்த்தது. மேனேஜர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். “கேக்கறாங்க இல்ல, போட்டுக் காட்டுங்கம்மா” என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. வீட்டில் அம்மை என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்களைவிட நன்றாக அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் உலகத்திலேயே கிடையாது. அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விலகியிருப்பார்கள். வேலை போயிருக்கும். போனால் என்ன? ஆனால் அந்த நிமிடம் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை கண்கள் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது. சிரித்தேன். உங்கள் முன்னால் தேய்த்துக் காட்டத்தான் காலையிலிருந்து காயவிட்டேன் என்றேன். கொண்டையை அவிழ்த்து, புட்டியை உச்சியில் கவிழ்த்தேன். மல்லிகை வாசம் கிளம்பியது. எண்ணெய் நெற்றியில் வழிந்தது. “என் மகளுக்கும் இதைத்தான் தேய்க்கிறேன். இன்றைக்குக் காலையில்கூட அவளுக்குத் தேய்த்துப் பின்னிவிட்டுத்தான் வந்தேன்” என்றேன்.

அந்தக் கடைசி வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாய் அதுவாகச் சேர்த்துக்கொண்டது.

கோயிலுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் புட்டிகளுக்குக் கை நீட்டினார்கள். நான் சிரித்த முகத்தோடு நின்றபடி உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தாயே, பிள்ளையை விட்டுவிடு, இந்த முடி பூராவும் உனக்கு என்று வேண்டிக்கொண்டேன். பூராவும் என்றுதான் சொன்னேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஆகஸ்டில் மெர்டேக்காவை ஒட்டி ஊரில் பெரிய பொருட்காட்சி வருகிறது, அதில் மகளையும் மேடைக்குக் கூட்டி வாருங்கள், அம்மாவும் மகளும் ஒரே மாதிரி சடையோடு நில்லுங்கள், அந்தப் படத்தைக் காலண்டரில் போடுவோம் என்றார். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த குழாயில் சோப்புப் போட்டு மூன்று முறை அலசினேன். வாசம் போகவில்லை. உள்ளே நுழைந்ததும் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கடுத்த நாள் பிள்ளைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. இளநீர் இறங்கவில்லை. வாயிலும் முத்து போட்டிருந்தது. நான் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கிடந்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாமா கூடாதா என்றும் பார்க்காமல், வாடகைக் காரைக் கூப்பிட்டுத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். தொற்றுநோய் வார்டில் எங்களை உள்ளே விடவில்லை. ஆறு நாள் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். நான்தான் செய்தேன், நான்தான் செய்தேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. வேலியில் என்னோடு நின்றவர்கள் ஆறுதலாக ஏதாவது சொல்ல வந்தால் எரிந்து விழுந்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றினோம். நெற்றியில் இரண்டு வடு மட்டும் தங்கியது. அவள் கஞ்சி போதாது, கோழிக்குழம்பு வேண்டும் என்று அடம்பிடித்த அன்றைக்கு நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு கோயிலுக்குப் போனேன். இங்கேதான் என்னுடைய அடுத்த கெட்டிக்காரத்தனம். முடி போனால் பொருட்காட்சி போய்விடும், காலண்டர் போய்விடும். சுமங்கலிகள் மொட்டை போட வேண்டியதில்லை, நுனியில் மூன்று விரற்கடை வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே. முடி இறக்குகிறவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, “பூமுடிதானே வேண்டிக்கிட்டீங்க?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.

வேண்டுதல் எனக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரிந்தது. கணவருக்குக்கூட நான் சொல்லவில்லை. மூன்று விரற்கடையைத் தட்டில் போட்டுவிட்டு வந்து, அடுத்த வாரம் வேனில் ஏறினேன். முழங்கால்வரை இருந்த முடியில் அது குறைந்ததே தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்த சமயம், மகளுக்குத் தலை சீவினேன். சீப்போடு ஒரு கொத்து வந்தது. சிக்கு என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் அதிகம். வாரக் கடைசியில் தலையணை முழுக்க முடி. மண்டை அங்கங்கே வெளுப்பாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், தானாகத் திரும்ப முளைக்கும், எதுவும் தடவ வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு அறிவு சொல்லியது. ஆனால் நான் மூன்று விரற்கடை கொடுத்து ஏமாற்றியதற்கு, பாக்கியை அம்மன் என் பிள்ளையின் தலையிலிருந்து எடுத்துக்கொண்டாள் என்றுதான் மனம் சொல்லியது. பின்னால் ஒருநாள் போய் மொத்தத்தையும் இறக்கிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அந்த எண்ணம் முழுதாக விட்டதில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மேனேஜர் ஆள் அனுப்பினார். பிள்ளைக்குச் சவுரி வைத்துக் கட்டிவிடலாம், மேடைக்கும் கூட்டத்துக்கும் தூரம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்று அந்த ஆள் வாசலில் நின்று சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்திலும் யோசிப்பதாகத்தான் சொன்னேன். மகள் உள்ளே இருந்தாள். கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவளைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனிப் புட்டிகள் நான்கு பக்கத்தில் கிடந்தன. நான்கும் காலி. தலையிலிருந்து கழுத்து, சட்டை, மடி எல்லாம் எண்ணெய். கண்ணில் இறங்கி எரிந்துகொண்டிருந்ததால் கண்ணை இறுக மூடியிருந்தாள். ஆனால் கையால் துடைக்கவில்லை. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா செஞ்சி வச்சிருக்க?” என்று கத்தினேன்.

“பொருட்காட்சிக்குள்ள முளைக்கணும்ல? நீங்கதானே மைக்ல சொன்னீங்க, கொட்டுற முடி நிக்கும், புதுசா வரும்னு. ஒரு புட்டி போதாது போலம்மா. நாலும் போட்டேன்.”

எத்தனையோ பெண்கள் நான் பேசிக் கேட்டுக் காசைக் கொடுத்து வாங்கிப் போனார்கள். அவர்களில் யாரும் அதை இந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டார்கள். மடியில் அவளை இழுத்துப் போட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். மீதி இருந்த முடியும் எண்ணெயோடு என் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இனியாவது இந்தப் பிள்ளையிடம் உண்மையைப் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அதெல்லாம் விக்கிறதுக்காக அம்மா சும்மா சொன்னதுடா. எண்ணெய் போட்டா முடி வராது.”

“சும்மாவா?”

“ஆமா.”

அவள் எரியும் கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“அப்ப டாக்டர் திரும்ப முளைக்கும்னு சொன்னார்னு சொன்னீங்களே, அதுவும் சும்மாவா?”

“இல்ல. அது நெசம்” என்றேன். அவள் முகம் மாறவில்லை. “சத்தியமா நெசம்டா. அம்மா பொய் சொல்லல” என்றேன். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வாக்கியம், இரண்டுக்கு நான்கு என்று சேர்த்துக்கொண்டே போனேன். வேனில் பேசுகிற அதே குரல் எனக்கே என் காதில் விழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அக்கம்பக்கத்தார் எதையாவது சொன்னால் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்போமே, அதுபோல.

முன்வாசலில் சத்தம் கேட்டது. கணவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் என் மடியிலிருந்து இறங்கினாள். எண்ணெய் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நடந்து போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“அப்பா, எனக்கு முடி முளைக்குமா?”

அவர் குனிந்து அவள் தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் காதோரம் வழிந்ததை ஒற்றினார்.

“முளைக்கும்” என்றார்.

“சரிப்பா” என்றாள். குளிக்க வெந்நீர் வேண்டும் என்று அவரையே கேட்டாள்.